செம்புக்குள் ஒரு காலி இடம்

ஜனவரி 20, சனி

வந்திருந்தவர்கள்: பாடம் நடத்தும் எஸ்தர் மேடம். அவருக்கு உதவியாக ஆராய்ச்சி மாணவர் அர்ஷத். முதுகலை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பதின்மூன்று பேர். அதில் ஒருத்தி என் மருமகள் சிந்துஜா. வெளியிலிருந்து கேட்க வந்தவர் ஒருவர்: மயிலாத்தாள், வயது ஐம்பத்து மூன்று, படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு, வேலை வீட்டைப் பார்ப்பது. அது நான்தான்.

பாடத்தின் பெயர் 'பொருள்களின் அணுநிலை மாதிரியாக்கம்: ஓர் அறிமுகம்'. செம்போ இரும்போ உப்போ, அதன் அணுக்களைக் கணிப்பொறிக்குள் அடுக்கி வைத்து, சூடாக்கினால் என்ன செய்யும், இழுத்தால் எங்கே அறும் என்று கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிறார்கள். உலை வேண்டாம், கரி வேண்டாம். எங்கள் பட்டறையில் இத்தனை வருடமாகச் செம்பும் பித்தளையும் உருக்குகிறோம், உள்ளே என்ன நடக்கிறதென்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. பட்டறைக் கணக்கை நான்தான் கணிப்பொறியில் எழுதுகிறேன். நிரல் எழுதுவதையும் கைப்பேசியில் காணொளி பார்த்து, காய் நறுக்கிக்கொண்டே கற்றுக்கொண்டேன். அதனால் எனக்கு இது பெரிய மலைப்பாக இல்லை.

வெளியாட்களும் உட்கார்ந்து கேட்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் அறிவித்திருந்தார்கள். சனிக்கிழமை மதியம் சிந்துஜா தனியாகப் பேருந்தில் போய் வருகிறாளே, பேச்சுத்துணைக்கு ஆகட்டும் என்று பெயர் கொடுத்தேன். "உங்களுக்கு ஏனுங்கத்தை சிரமம்?" என்றாள். ஒரு சிரமமும் இல்லை என்றேன்.

எல்லாம் இரண்டிரண்டு பேராகச் செய்ய வேண்டுமாம். சிந்துஜா பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ பேசி வைத்திருந்தாள் போலிருக்கிறது. அதற்குள் நான் கை தூக்கி, "நாங்க ரெண்டு பேருமுங்க" என்று சொல்லிவிட்டேன். மேடம், "மாமியாரும் மருமகளும் ஒரே வீடு, ரொம்ப வசதிலா" என்றார். அவருக்கு ஊர் பாளையங்கோட்டைப் பக்கம்.

ஜோடிக்கு ஒரு குறிப்பேடு எழுத வேண்டும். "என்ன செஞ்சீங்களோ, என்ன நெனச்சீங்களோ, தேதி போட்டு எழுதுங்க. தமிழ்லயும் எழுதலாம். அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. கடைசில நான் வாசிப்பேன்" என்றார் மேடம். எழுதுவதை நான் எடுத்துக்கொண்டேன். எதையும் விடாமல் எழுதுவேன்.

சிந்துஜாவுக்கு இந்தப் பாடம் முக்கியம். இதில் முதல் தரம் வாங்கினால் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு விண்ணப்பிக்கலாம், கோடையில் இரண்டு மாதம். என் மகன் கோகுலும் சரி என்றுவிட்டான். அவன் ஓசூரில் இருக்கிறான், வாரக் கடைசியில்தான் வருவான். இரண்டு மாதம்தானே, எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். முதல் தரம் வாங்கித் தருவது என் பொறுப்பு.

ஜனவரி 25, வியாழன். தைப்பூசம்

மருதமலைக்குப் போய் வந்தோம். நல்ல கூட்டம். வரிசையில் நிற்கும்போது, அணுக்களும் இப்படித்தான் நெருக்கியடித்து நிற்கும் என்று தோன்றியது. சாமி முன்னால் பாட நினைப்பு வந்ததற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு பாடத்துக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

பிப்ரவரி 3, சனி

செம்பின் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று மேடம் பெட்டி போலப் படம் வரைந்தார். எட்டு மூலையிலும் ஒவ்வொன்று, ஆறு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொன்று. ஒரு பெட்டிக்கு எத்தனை அணு என்றார். பதினான்கு என்று உடனே சொன்னேன். பின்வரிசையில் சிரித்தார்கள்.

"அம்மா, உங்க வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல ஒரே செவருன்னா, அது யார் கணக்கு?"

"பொதுச் சுவருங்க. ஆளுக்குப் பாதி."

"அதேதான். பக்கத்துல இருக்கது ரெண்டு பெட்டிக்குப் பொது. மூலைல இருக்கது எட்டுப் பெட்டிக்குப் பொது. இப்பச் சொல்லுங்க."

நான்கு. கணக்கு நேரானதும் மனசு குளிர்ந்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். பெட்டியின் கிழக்குச் சுவர் வழியாக ஓர் அணு வெளியே போனால், மேற்குச் சுவர் வழியாக அதுவே உள்ளே வருகிற மாதிரி எழுதிவிட வேண்டுமாம். அப்போதுதான் சின்னப் பெட்டியை வைத்து முடிவில்லாத செம்புக்கட்டியைக் கணக்கிடலாம். வீட்டில் இதை என் வீட்டுக்காரரிடம் விளக்கினேன். "அப்ப வீட்டெ விட்டு ஓடுனாலும் மறுபடி வீட்டுக்குள்ளதான் வந்து விழோணுமாக்கும்?" என்றார். சிந்துஜா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

பிப்ரவரி 10, சனி

நிரல் ஓடவே மாட்டேன் என்றது. காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருந்தேன். திருத்தினேன், ஓடியது. இட்லிக்கு ஊறப் போட்டாயிற்று.

பிப்ரவரி 24, சனி

ஜோடிகளுக்கு இறுதி வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தது செம்பு. பட்டறைக்காரர்களுக்குச் செம்பு வந்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

வேலை இதுதான். ஐந்நூறு செம்பு அணுக்களை அடுக்கி, நடுவில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். அங்கே ஒரு காலி இடம் உண்டாகும். நன்றாகச் சூடாக்கினால் பக்கத்து அணு ஒன்று அந்தக் காலி இடத்துக்குத் தாவும்; அது இருந்த இடம் காலியாகும். பார்ப்பதற்குக் காலி இடமே நகர்ந்து போகிற மாதிரி இருக்கும். ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை தாவல் என்று எண்ண வேண்டும். நிரலை ஐந்து ஓட்டம் ஓட்டி, சராசரியும் ஓட்டத்துக்கு ஓட்டம் உள்ள வேறுபாடும் சொல்ல வேண்டும். "அஞ்சும் தனித்தனியா இருக்கணும்" என்றார் மேடம். குறித்துக்கொண்டேன்.

மார்ச் 1, வெள்ளி

ஓட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு தொடக்க வேகம் கொடுக்க வேண்டும். அதைக் கணிப்பொறி சீட்டுக் குலுக்குவது போலக் குலுக்கிக் கொடுக்கும். குலுக்கலைத் தொடங்க நாம் ஓர் எண் கொடுக்க வேண்டும். விதை எண் என்கிறார்கள். எந்த எண்ணும் கொடுக்கலாம் என்று அர்ஷத் சொன்னார்.

எந்த எண்ணும் என்றால் எப்படி? பெண் எடுப்பதானாலும் நிலம் வாங்குவதானாலும் எங்கள் வீட்டில் பூக்கேட்காமல் செய்ததில்லை. இன்று குலதெய்வம் கோவிலுக்குப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் வைத்து, வெள்ளை வந்தால் சம்மதம் என்று வேண்டிக்கொண்டேன். நூற்றெட்டு என்று மனதில் நினைத்துக் கேட்டேன். கும்பிட வந்த ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

கோகுலுக்குச் சிந்துஜாவைக் கேட்டபோதும் இதே சன்னதியில் வெள்ளைதான் வந்தது.

மார்ச் 3, ஞாயிறு

வீட்டில் இருக்கும் பட்டறைக் கணிப்பொறியில் முதல் ஓட்டம். மாவரைத்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. முப்பத்தேழு தாவல்.

"அத்தை, அடுத்ததுக்கு வேற நம்பர் போட்டுப் பாக்கலாமுங்களா?"

"ஏன், இந்த நம்பருக்கு என்ன கொறை?"

"கொறை இல்லீங். வேற வேறயாப் போட்டாத்தான்..."

"சாமி குடுத்தது அம்முணி. வாக்கு வந்த பொறவு இன்னொருக்காக் கேட்டா சாமியெச் சோதிக்கறாப்பல ஆயிரும். கேக்கவே கூடாது."

"சரிங்கத்தை" என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள்.

மார்ச் 9, சனி

இரண்டாம் ஓட்டம் முப்பத்தேழு. மூன்றாம் ஓட்டம் முப்பத்தேழு. ஒவ்வொரு முறையும் கணிப்பொறியை அணைத்து, விளக்கேற்றி, புதிதாகத்தான் தொடங்கினேன். ஒரு தாவல் கூடவில்லை, குறையவில்லை. மாதக் கடைசியில் வரவும் செலவும் நேராக வந்து நிற்கும்போது ஒரு நிம்மதி வருமே, அது. மற்ற ஜோடிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத எண்களை வைத்துக்கொண்டு வகுப்பில் முழித்தார்கள். பாவமாக இருந்தது.

பேருந்தில் சிந்துஜா, "அர்ஷத் அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா அத்தை?" என்றாள். சரியாக வந்திருப்பதைப் போய் எதற்குக் கேட்க வேண்டும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் அதிகம்.

மார்ச் 10, ஞாயிறு

நாத்தனார் வீட்டு விசேஷம். "மருமகளெப் பெங்களூருக்கு அனுப்பறீங்களாமா?" என்று நாலு பேர் கேட்டார்கள். இரண்டு மாதம்தான், எனக்கென்ன என்று நாலு பேருக்கும் சொன்னேன்.

திரும்பும்போது அவர், "ரெண்டு மாசத்துல அங்க இருக்கறவீங்களுக்குப் புடிச்சுப்போச்சுன்னா அங்கயே அஞ்சு வருசம் படிக்கலாமாமா. புள்ள சொல்லுச்சு" என்றார். "தெரியுமே" என்றேன்.

வந்ததும் பரணைச் சுத்தம் செய்தேன். பழைய பித்தளைப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். அவள் இதை மாமனாரிடம் எப்போது சொன்னாள் என்று தெரியவில்லை.

மார்ச் 20, புதன்

ஐந்தாம் ஓட்டமும் முப்பத்தேழு. திரையில் காட்டுவதற்குப் பக்கங்கள் தயார் செய்தேன். சராசரி: முப்பத்தேழு. வேறுபாடு: சுழி, பூஜ்ஜியம். சுழியைப் பெரிய எழுத்தில் போட்டேன்.

சிந்துஜா பார்த்துவிட்டு, "அந்தச் சுழியெ மட்டும் எடுத்துப்போடலாமுங்கத்தை. அஞ்சு ஓட்டம்னும் போடாம, ஒண்ணுன்னு..." என்றாள்.

"கெடைச்ச நல்ல பேரெ யாராச்சும் தானே அழிப்பாங்களா? அடக்கம் வேணும்தான் கண்ணு, இவ்வளவு ஆகாது."

பிறகு துணி எடுத்து வருகிறேன் என்று மாடிக்குப் போனாள். துணி இன்னும் காயவில்லை.

மார்ச் 23, சனி

எங்கள் முறை மூன்றாவது. நான்தான் பேசினேன். ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினேன். ஐந்து ஓட்டம், வேறுபாடு சுழி என்று சொல்லி நிறுத்தி, கைதட்டுவார்கள் என்று பார்த்தேன்.

அர்ஷத் குனிந்துகொண்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, விதை எண் என்ன போட்டீங்க?"

"நூத்தி எட்டுங்க மேடம்."

"எதுக்கு?"

"அஞ்சுக்குமேங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"அம்மா, அதே மெஷின், அதே நிரல், அதே எண். குலுக்கலும் அதேதான் வரும். நீங்க அஞ்சு தடவ ஓட்டல. ஒரே ஓட்டத்த அஞ்சு தடவ பாத்திருக்கீங்க. ஒரே ஆளுகிட்ட ஒரே கேள்விய அஞ்சு தடவ கேட்டுட்டு, அஞ்சு பேரு சாட்சின்னு எழுதலாமா?"

எழுதக் கூடாதுதான். கணக்கு எழுதுகிறவளுக்கு அது தெரியாதா? ஒரே ரசீதை ஐந்து நகல் எடுத்து ஐந்து வரவாக எழுதியிருக்கிறேன்.

மேடம் சிந்துஜாவைப் பார்த்து, "நீ என்ன சொல்லுதே?" என்றார். அவள் திரையில் இருந்த சுழியைப் பார்த்தாள். "மார்க்கு இப்பப் போடல. யோசிச்சுச் சொல்லுதேன்" என்று அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

பேருந்தில் இடம் கிடைத்தது. காந்திபுரம் தாண்டியதும் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்."

"பொறவு ஏஞ் சொல்லலெ?"

"சொன்னேனுங்கத்தை." கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "பூக்கேட்டு வந்ததெ நான் எப்பிடீங்க வேண்டாம்னு சொல்றது? அதே பூவுதானுங்களே என்னையும் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்துது."

இறங்கும் இடம் வந்துவிட்டது.

மார்ச் 24, ஞாயிறு

கோகுல் வந்திருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "விடும்மா" என்றான். காலையில் பருப்புப் புடைத்தேன். வடாம் பிழிந்தேன். அலமாரிக்குக் காகிதம் மாற்றினேன்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏ மயிலு, அந்தப் புள்ள போயிரக் கூடாதுன்னே செஞ்சியா?"

"என்ன பேச்சுப் பேசறீங்க? எனக்கென்ன அப்படி ஒரு வேண்டுதலா?"

"நான் கேட்டேன், அவ்வளவுதான்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இல்லை என்றுதான் சொன்னேன். இல்லைதான். விதை எண் விஷயம் எனக்குத் தெரியாமல் நடந்தது. ஆனால் நினைத்ததையும் எழுதச் சொல்லியிருக்கிறார் மேடம். போகக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. போகட்டும் என்றும் வேண்டிக்கொள்ளவில்லை. பாடத்துக்காகக் கும்பிட்டேன், செம்புக்காகக் கும்பிட்டேன், முதல் தரத்துக்காகக் கும்பிட்டேன். பெங்களூர் என்ற வார்த்தையை ஒரு தடவைகூடச் சாமியிடம் சொல்லவில்லை என்பது இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 25, திங்கள். பங்குனி உத்திரம்

கோவிலுக்குப் போனேன். எதுவும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் சிந்துஜா பட்டறைக் கணிப்பொறி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டம் போய்க்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்காமல் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இன்றுதான் பார்க்கிறேன்.

"என்ன நம்பர் போட்டே?"

"சும்மா வாயில வந்ததுங்."

அவள் திரும்பாமலே சொன்னாள்: "சாமி ஒரு நம்பருக்குச் சம்மதம் சொல்லுச்சுங்கத்தை. மத்தது வேண்டாம்னு சொல்லலீங்களே."

யோசித்துப் பார்த்தேன். அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாயசத்துக்கு அடுப்பை மூட்டினேன். இருபத்தொன்பது வந்ததாக அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

மார்ச் 27, புதன்

நாற்பத்தொன்று. முப்பத்து நான்கு. இருபத்தாறு. எல்லாம் வேறு வேறு விதை எண். பழைய முப்பத்தேழையும் தள்ளிவிடாமல் அதை ஓர் ஓட்டமாக மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

"இப்படி இழுத்துக்கிட்டு நின்னா எதெ அம்முணி சரின்னு எடுத்துக்கறது?"

"எல்லாமே சரிதானுங்கத்தை. நம்ம செம்பு முப்பத்து மூணு தடவெ தாவும், ஆறு கூடலாம், ஆறு கொறையலாம். அந்த ஆறையும் சேத்துச் சொன்னாத்தான் பதில்."

பட்டறைக் கணக்கில் ஆறு கூடலாம் குறையலாம் என்று எழுதினால் வரிக்காரர்கள் விடுவார்களா என்றேன். "உங்குளுக்கு வரிக்காரங்க, எனக்கு எஸ்தர் மேடமுங்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவள் அறிக்கையை முழுவதும் அவளே எழுதினாள். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். இரண்டு இருந்தது.

மார்ச் 29, வெள்ளி

தப்பு என்னுடையது, அவள் பெயரை இதில் சேர்க்க வேண்டாம் என்று மேடத்துக்கு ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றேன். நன்றாக எழுதுவேன், மின்வாரியத்துக்கும் தாசில்தாருக்கும் நான்தான் எழுதுவது.

"வேண்டாமுங்."

"இல்ல கண்ணு, ஒரே பக்கம்..."

"வேண்டாமுங்கத்தை. தப்புன்னு தெரிஞ்சே அதுல என் பேரெப் போட்டவ நான். நீங்க தெரியாமப் பண்ணுனீங்க, நான் தெரிஞ்சு பண்ணுனேன். நானே போய்ச் சொல்லிக்கறேன்."

"சரி, நானும் கூட வர்றேன். வெளியில உக்காந்திருக்கறேன்."

"வராதீங்."

குரலை உயர்த்தவில்லை. முகம் சிவந்திருந்தது. நாளைக்கு அவளுக்கு என்ன கட்டிக் கொடுப்பது என்று கேட்டேன். தக்காளிச் சாதம் என்றாள்.

மார்ச் 30, சனி

சிந்துஜா தனியாகப் போனாள். நான் வீட்டில் இருந்தேன். சனிக்கிழமை மதியம் வீட்டில் இருந்து ரொம்ப நாளாயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் வெங்காயம் உரித்தேன், தேவைக்கு மேல்.

அவள் வந்ததும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். அவளே சொன்னாள். மேடம் உட்கார வைத்து வெகுநேரம் கேள்வி கேட்டாராம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாளாம். தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டாராம். அதற்கு என்ன சொன்னாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதிய அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டார். குறிப்பேட்டையும் கொண்டு வா, அதை வாசித்துவிட்டுத்தான் முடிவு என்றாராம்.

"நல்லாப் பேசுனியா?"

"பேசுனேனுங்கத்தை" என்றாள். இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

மார்ச் 31, ஞாயிறு

எஸ்தர் மேடத்துக்கு.

நாளை இந்தக் குறிப்பேடு உங்கள் கைக்கு வரும். அடித்தல் இல்லை, கிழித்தல் இல்லை. சில இடங்களைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது, கிழிக்கவில்லை. கொடுக்குமுன் சிந்துஜாவைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் படித்தாள். மூடி வைத்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றாள்.

நான் வெளியாள், எனக்கு மதிப்பெண் கிடையாது. சிந்துஜாவுக்கு என்ன போடுவது என்பது உங்கள் முடிவு. அவளுக்காக நான் பரிந்து எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை.

பெங்களூருக்கு விண்ணப்பிக்க வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு மாதமோ ஐந்து வருடமோ, அவள் போனால் இந்த வீடு எப்படி ஓடும் என்று யோசித்துப் பார்த்தேன். ஓடும். நேற்று மதியம் ஓடியது.

எங்கள் ஜோடிக்கான தொலைபேசி எண் என்று உங்களிடம் இருப்பது என்னுடையது. அதை எடுத்துவிட்டு, அவள் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் எதுவானாலும் நேராக அவளிடமே சொல்லுங்கள். வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள் மேடம்.